நாலு கையெழுத்தில் ஓர் ஆய்வேடு

1

அப்பாவின் திதியன்று காக்கைக்கு வைத்த சோற்றை மைனாக்கள் தின்றுவிட்டுப் போயின. மலேசியாவில், பாக்கார் ஆராங் பகுதியில் எங்கள் வரிசை வீடுகளின் பின்சுவரில் காக்கை வந்து உட்காருவது அபூர்வம். அப்பாவாக இருந்தால் அந்த மைனாக்களிடம் ஹால் டிக்கெட் கேட்டிருப்பார்.

அவர் கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பொதுத்தேர்வு வந்தால் அவரைப் பறக்கும் படையில் போட்டுவிடுவார்கள். ஜீப்பில் ஏறிப் போய், சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு தேர்வு மையத்துக்குள் நுழைந்து, சட்டைக் கை மடிப்பு, பெல்ட், ஜடை, ஸ்கேலின் பின்பக்கம் என்று ஒன்று விடாமல் பார்ப்பார். பிட்டு பிடித்த நாளில் வீட்டுக்கு வந்து கூடுதலாக இரண்டு தோசை சாப்பிடுவார். ஒன்றும் அகப்படாத நாளில், "இந்த வருஷம் பயலுக ரொம்பத் தேறிட்டானுவ" என்பார். அவர் படிப்பைச் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஜீப்பின் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன், இன்றைக்கு யார் மாட்டினார்கள் என்று கேட்பேன். அவருடைய மோப்பம் எனக்கும் வந்துவிட்டது. கடல் தாண்டி வந்தும் அது என்னை விட்டுப் போகவில்லை.

கணவருக்குச் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் கெடா மாநிலத்துக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. விசா புதுப்பிக்கும் காலம் வந்தால் குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, நாங்கள் நாங்கள்தான் என்று நிரூபித்துவிட்டு வருகிறோம். என் கட்டைவிரல் ரேகையை அங்கிருக்கிற இயந்திரம் லேசில் ஏற்பதில்லை. பாத்திரம் தேய்த்த கை என்று சொன்னால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் சிரிக்காமல், "இன்னொரு முறை" என்பாள். அவள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

2

நான் வேலை பார்ப்பது கெடாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். பெயர் வேண்டாம். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதுவதில் உதவும் மையம் அது. நூலகத்தின் மேல்மாடியில் ஓர் அறை, ஒரு வட்ட மேசை, இரண்டு நாற்காலி. தாதி, போலீஸ்காரர், பள்ளி ஆசிரியர் என்று வேலையில் இருந்துகொண்டே படிக்கிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். நாங்கள் எழுதித் தர மாட்டோம், திருத்தியும் தர மாட்டோம். அவர்கள் எழுதியதை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்போம். "இந்த இடத்தில் என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்போம். பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியே போதும்.

வந்த புதிதில் தமிழ் மாணவர்கள் கேட்பார்கள், "மேடம் ஊரா?"

"ஆமா, கோவில்பட்டி."

"இல்ல மேடம், ஊரான்னு கேட்டேன்."

இந்தியா முழுவதும் இவர்களுக்கு ஒரே 'ஊர்'. அங்கிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள். அதில் கொஞ்சம் பாசம் உண்டு, கொஞ்சம் எச்சரிக்கையும் உண்டு. ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் கையிருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி. இந்த எச்சரிக்கையை நான் குறை சொல்ல முடியாது.

இப்போது வேலை மாறிவிட்டது. கணினியிடம் கேட்டால் அது நிமிடத்தில் ஆங்கிலம் எழுதித் தந்துவிடுகிறது. முன்பு நான் தப்பைத் தேடுவேன். இப்போது தப்பே இல்லாத பக்கம் வந்தால் நிமிர்ந்து உட்காருகிறேன். நிர்வாகமும் பயந்துபோய்ப் புது விதி போட்டது. ஆய்வேடு ஒப்படைக்கும் முன்னால், மாணவரின் முதல் பிரதிகளை மையத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். இது அவரே எழுதியது என்று முதுகலைப் பிரிவு அலுவலரிடம் சொல்ல வேண்டும். அதாவது என்னைப் பறக்கும் படையில் போட்டுவிட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

3

புவனேஸ்வரி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வயது நாற்பதைத் தொடும். செமிலிங்கில் வீடு, பீடோங் பக்கம் பள்ளி, சனிக்கிழமைகளில் முதுகலை வகுப்பு. ரப்பர் தோட்டத்திலிருந்து பள்ளியின் முதலாம் ஆண்டுக்கு வந்து, மாதக்கணக்கில் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் எப்படி எழுதப் பழகுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. நல்ல விஷயம். நன்றாகப் பேசவும் செய்வார்.

எழுதச் சொன்னால்தான் வம்பு. வட்ட மேசையில் தாளையும் பேனாவையும் வைத்து, "இப்ப சொன்னீங்களே, அதையே ரெண்டு வரியா எழுதுங்க" என்றால் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். நெற்றி வேர்த்துவிடும்.

"வரமாட்டுது மேடம். நான் வீட்ல செஞ்சிட்டு வர்றேன் லா."

அடுத்த வாரம் நாலைந்து பக்கம் வரும். தெளிவான ஆங்கிலம். கணினி எழுதுகிற வழவழப்பு இல்லை, அதுவே என்னைக் குழப்பியது. குட்டி குட்டி வாக்கியங்கள், ஒவ்வொன்றும் நிறுத்தி நிதானமாகச் சொன்னது மாதிரி இருக்கும். என் முன்னால் ஒரு வரி எழுத முடியாதவர் வீட்டில் எப்படி நாலு பக்கம் எழுதுகிறார்? யாரோ இருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். பினாங்கிலோ சுங்கைப்பட்டாணியிலோ ஆய்வேடு எழுதித் தருகிற ஆள் இருப்பதாக ஒரு பேச்சு எப்போதும் உண்டு.

"முதல் பிரதியைக் கொண்டு வாங்க. கையால எழுதினது இருந்தா அதையும்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "எல்லாத்தையுமா மேடம்?"

"எல்லாத்தையும்."

கொண்டுவந்தார். பள்ளிப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்கள். அதில் நாலு விதமான கையெழுத்து. ஒன்று உருண்டை, ஒன்று சாய்வு, ஒன்று கோட்டுக்கு மேலே மிதப்பது, இன்னொன்று அழுத்தி எழுதித் தாளே கிழிந்தது. போதாதற்கு ஓரங்களில் சிவப்பு மையில் திருத்தங்கள். சில பக்கங்களில் பத்துக்கு ஏழு, பத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண்கள் வேறு.

"இதுல எது உங்க கையெழுத்து?"

"சிவப்பு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"மத்தது?"

அவர் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அது வேற ஆளுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அன்று மதியம் முதுகலைப் பிரிவு அலுவலர் ரோஸ்லியின் அறைக்குப் போய், எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் மலாய்க்காரர், அமைதியான மனிதர். "உறுதியா?" என்று கேட்டார். "கிட்டத்தட்ட" என்றேன். விசாரணைக்கு நாள் குறித்தார். குற்றம் என்று முடிவானால் பட்டம் போகும். கல்வி இலாகாவுக்கும் தெரிவிப்பார்கள், ஆசிரியை வேலையும் ஆட்டம் காணும்.

4

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாழினி இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். மலாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் பேசுவாள், எழுதச் சொன்னால் எழுத்தை எண்ணி எண்ணி எழுதுவாள். ஊரிலிருந்து பெரியப்பா போனில் நாலு வரி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போகும். அவளுடைய போனை நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் அதைப் பூட்டிவிட்டாள். பிறகு அறைக் கதவையும் பூட்டத் தொடங்கினாள்.

"நீ ரொம்ப கெப்போ மா" என்றாள். கெப்போ என்றால் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற ஆள். தமிழில் அதற்கு எத்தனையோ சொல் இருக்கிறது, ஆனால் இங்கே இது ஒன்றுதான் சரியாகப் போய்த் தைக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, மெர்போக் பக்கம் இறால் வாங்கப் போவதாகச் சொல்லி அவளையும் காரில் ஏற்றினேன். பெண் பிள்ளையோடு போனால் புவனேஸ்வரி வீட்டுக்கு வழி தப்பி வந்த மாதிரி இருக்கும் என்று ஒரு கணக்கு. செமிலிங்கில் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மா, இது ரெய்டா?"

"சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போலாம்."

"யாரையாவது பிடிக்கத்தான் போறே. உன் மூஞ்சியே சொல்லுது."

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். பின்னால் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள். புவனேஸ்வரியின் வீட்டைக் கண்டுபிடிக்க நம்பர் தேவைப்படவில்லை, குரலே காட்டிக் கொடுத்தது. வாசலில் கார் நிற்க வேண்டிய இடத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஆறாம் ஆண்டு, சிலர் இடைநிலைப் பள்ளி. புவனேஸ்வரி அவர்களுக்கு நடுவில் மேலும் கீழும் நடந்துகொண்டே சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை.

அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவருடைய ஐந்தாம் அத்தியாயம்.

நான் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவர் கையில் தாள் இல்லை, குறிப்பு இல்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நின்று, "இல்ல, அதை அடிச்சிடுங்க" என்று சொல்லி வேறு மாதிரி சொன்னார். "டீச்சர், மெல்ல" என்றது ஒரு பிள்ளை. என் அறையில் பார்த்தறியாத புவனேஸ்வரி. அந்தக் குரலில் ஒரு தயக்கம் இல்லை.

முதலில் என்னைப் பார்த்தது பிள்ளைகள்தான். சடசடவென்று எழுந்து நின்று, ஒரே குரலில், "வணக்கம், ஆசிரியை" என்றார்கள். புவனேஸ்வரி திரும்பினார்.

"பார்த்துட்டீங்க இல்ல" என்றார். "சரி, எழுதிக்குங்க மேடம். வேற ஆளுங்கதான் எழுதுறாங்க."

"டீச்சர், இது..."

"இத்தன வருஷமா போர்டு முன்னாடி நின்னே பழகிட்டேன். நின்னு சொன்னா வருது, உட்கார்ந்து பேனா பிடிச்சா ஒண்ணும் வரமாட்டுது. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க எப்படியும் பாடம் கேட்க வருதுங்க. அதுங்களுக்கும் பயிற்சி ஆச்சு." தாள்களைப் பொறுக்கிக்கொண்டே பேசினார். "அப்புறம் இன்னொண்ணு மேடம். என் கையெழுத்துல பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியுது. இதுங்க கையெழுத்துல பார்த்தாத்தான் நான் சொன்னது தப்புன்னு தெரியுது. சிவப்பு மையில திருத்திடுவேன்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொந்தமா எழுதினேன், வேற யாரும் எழுதலன்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும் இல்ல? எழுதினது இதுங்கதானே. பொய்யா எப்படிப் போடுவேன்?"

தானே குற்றவாளி என்று இத்தனை மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். யார் யோசித்தது, யார் சொன்னது, யார் திருத்தியது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. பேனா யார் கையில் இருந்தது என்பதுதான் அவருக்குக் கேள்வி. பிள்ளைகளுக்கு நேர்மையைச் சொல்லிக் கொடுத்தே பழகிய ஒருவர்தான் இப்படித் தப்பாகப் புரிந்துகொள்ள முடியும். எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, அவர் மேல் இல்லை.

அதற்குள் அவர் உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். "பசியாறிட்டுப் போங்க மேடம். பாப்பா, நீயும் உட்காரு மா" என்றார். பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி எங்கள் பக்கம் நகர்த்தினார். நான் குடித்தேன். என்ன ருசி என்று இப்போது கேட்டால் தெரியாது.

காரில் யாழினி போனை எடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். பீடோங் கடைத்தெருவில் சிவப்பு விளக்கில் நின்றபோது, "அவங்க அழுதாங்க மா, உள்ள போயிருந்தப்ப. நீ பார்த்தியா?" என்றாள்.

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் டீ குடிச்சே?"

5

மறுநாள் காலையிலேயே ரோஸ்லியிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொல்லி, என் சந்தேகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன்.

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். "போன வாரம் சந்தேகம். இந்த வாரம் இல்லை. நடுவில் அவர் வீட்டில் தேநீர் சாப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் தமிழர்கள். நான் என்ன நினைக்க வேண்டும்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நானாக இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டிருப்பேன். தொடங்கி வைத்தது நான், நிறுத்துவது என் கையில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. 

விசாரணை அறையில் ரோஸ்லியும் வேறு துறையைச் சேர்ந்த ஒரு பேராசிரியையும் இருந்தார்கள். என்னை மூலையில் உட்காரச் சொன்னார்கள், பேசக் கூடாது என்று. புவனேஸ்வரி நல்ல சேலை கட்டி, நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார். அவர் முன்னால் தாளும் பேனாவும் வைத்து, அவருடைய முக்கியமான முடிவை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். உதவி இல்லாமல், இங்கேயே.

அவர் பேனாவை எடுத்தார். தாளின் மேல் வைத்தார். அப்படியே இருந்தார். ஏர்கான் சத்தம் மட்டும் கேட்டது. பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புவனேஸ்வரியின் நெற்றி வேர்த்து விபூதி கரைந்தது. அவருடைய ஆய்வில் வருகிற பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பேசக் கூடாது என்பதை மறந்துவிட்டேன். "அவர் நின்று சொல்லட்டும். வேறு யாராவது எழுதட்டும்" என்றேன்.

"யார் எழுதுவது, நீங்களா?" என்றார் ரோஸ்லி.

"நீங்களே எழுதுங்கள்."

பேராசிரியை ரோஸ்லியைப் பார்த்தார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புவனேஸ்வரி எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகினார். முதல் வாக்கியம் வர நேரம் ஆனது. வந்தது வாக்கியம் இல்லை, கட்டளை.

"தலைப்பு எழுதிக் கோடு போடுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

ரோஸ்லி கோடு போட்டார்.

அதற்குப் பிறகு புவனேஸ்வரி நிறுத்தவில்லை. மேசைக்கும் சன்னலுக்கும் நடுவில் நடந்தபடி சொல்லிக்கொண்டே போனார். பேசாத பிள்ளை சும்மா இருப்பதில்லை என்றார். அது கேட்டுக்கொண்டிருக்கிறது, தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ளாத ஒரு நேரத்துக்குக் காத்திருக்கிறது என்றார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் முதல் எழுத்தை எழுதுகிறது என்றார். இடையில் ரோஸ்லியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இங்கே முற்றுப்புள்ளி" என்று விரலால் தொட்டுக் காட்டினார். என்ன செய்தோம் என்று உறைத்து ஒரு வினாடி விறைத்து நின்றார். ரோஸ்லி புள்ளி வைத்துவிட்டு, தலை நிமிராமல், "பெலான் சிக்கிட், சிக்கு" என்றார். கொஞ்சம் மெல்ல, டீச்சர்.

பக்கம் நிறைந்ததும் பேராசிரியை கேள்விகள் கேட்டார். கேள்விக்கு மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. குற்றம் எதுவும் இல்லை, ஆய்வேட்டை முடித்து ஒப்படைக்கலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

6

கார் நிறுத்துமிடத்தில் புவனேஸ்வரி எனக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அதற்குத் தயாராகவும் ஆகிவிட்டேன்.

"மேடம், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க டீச்சர்."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தீங்களே. என்னைப் பார்க்க வந்தீங்களா, பிடிக்க வந்தீங்களா?"

இறால் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"பிடிக்கத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. "சரி. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன். நம்ம ஆளுன்னு நெனச்சு எல்லாத் தாளையும் எடுத்துட்டு வந்தேன், அதான்." காரில் ஏறிக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது, வேறு வழியும் இல்லை போலிருக்கிறது, அடுத்த சனிக்கிழமை தன் நேரத்துக்குச் சரியாக வந்தார். வணக்கம் சொன்னார், யாழினி நல்லா இருக்காளா என்று விசாரித்தார். உட்கார்ந்தார். பையிலிருந்து தாள்களை எடுப்பதற்கு முன்னால் போனை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில், வட்ட மேசையின் சரிநடுவில் வைத்தார்.

"பதிவு பண்ணிக்கிறேன் மேடம். நாளைக்கு யாரும் கேட்டா நீங்க சொன்னது எது, நான் சொன்னது எதுன்னு தெரியணும் இல்ல. பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றேன்.

அவர் பொத்தானை அழுத்தினார். திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.